சொந்தக்காரன் பெயர் இல்லாத மாளிகை

சிசிலித் தீவில் எந்த நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்தாலும் அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தில், துணிப்பையில், காப்பிக் குவளையில், குடையில். மார்பில் ஒரு துணிப்பட்டை, இடுப்பில் சின்னதாய் ஓர் உள்ளாடை. ஒருத்தி கையில் எடைக்குண்டு, ஒருத்தி வட்டு எறியப் போகிறாள், இரண்டு பேர் ஓடுகிறார்கள், வேறு இருவர் பந்து விளையாடுகிறார்கள். "பிகினிப் பெண்கள்" என்று சுற்றுலாக்காரர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் கடலும் இல்லை, குளமும் இல்லை. நடப்பது விளையாட்டுப் போட்டி. கடைசியில் ஒருத்திக்குத் தலையில் கிரீடமும் கையில் ஈச்சவோலையும் கிடைக்கின்றன. 1600 வருடங்களுக்கு முன் போட்டியில் ஜெயித்த ஒரு பெண்ணை நாம் கடற்கரை அழகியாக்கி காந்தத்தில் ஒட்டி விற்கிறோம்.

இந்த மொசைக் இருக்கும் இடத்தின் பெயர் வில்லா ரோமானா தெல் கசாலே. சிசிலியின் நடுப்பகுதியில், பியாட்ஸா ஆர்மெரினா என்ற மலை ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மாங்கோனே மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கட்டானியாவிலிருந்து பஸ் ஏறி, பழுப்பு நிறக் கோதுமை மேடுகளைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். கி.பி. நான்காம் நூற்றாண்டில், அதற்கு முன்பு அங்கே இருந்த ஒரு எளிய பண்ணை வீட்டின் மேல் இந்த மாளிகையைக் கட்டினார்கள். ஏறக்குறைய 3500 சதுர மீட்டர் மொசைக் தரை இன்னும் எஞ்சியிருக்கிறது. ரோமானியர்கள் விட்டுப்போன தரைகளில் ஒரே இடத்தில் இவ்வளவு கிடைத்திருப்பது அபூர்வம். 1997-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

வில்லா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வீடமைப்புத் திட்ட விளம்பரம்தான். வாசலில் காவலர் சாவடி, உள்ளே வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், பெயர்ப்பலகையில் ஏதோ ஓர் இத்தாலியப் பெயர். ரோமானியர்களின் வில்லா வேறு. அது முதலில் ஒரு தோட்டம். தோட்டம் என்றால் என்ன என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிலம், விளைச்சல், வேலைக்காரர்கள், அவர்களுக்கு மேல் கங்காணி, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய வீடு. முதல் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா வில்லாவை மூன்றாகப் பிரிக்கிறார். முதலாளி வந்தால் தங்கும் பகுதி, ஆட்களும் மாடுகளும் இருக்கும் பகுதி, எண்ணெய், ஒயின், தானியம் வைக்கும் பகுதி. நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது முதல் பகுதியைத்தான். மற்ற இரண்டையும் தேடித்தான் பார்க்கவேண்டும்.

உள்ளே தரையில் கால் வைக்க விடமாட்டார்கள். சுவர்களுக்கு மேல் உயரத்தில் நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அதில் நடந்துகொண்டே ஒவ்வோர் அறையையும் மேலிருந்து எட்டிப் பார்க்கலாம். முதலில் வெந்நீர்க் குளியலறைகள். பிறகு நடுவில் குளம் வைத்த தூண் முற்றம். அதன் ஒரு பக்கம் படுக்கையறைகள், இன்னொரு பக்கம் விருந்து மண்டபம். ஓர் அறையில் யுலிஸீஸ் ஒற்றைக்கண் அரக்கன் பொலிஃபீமஸுக்கு ஒயின் நீட்டுகிறான். ஆனால் இந்த அரக்கனுக்கு மூன்று கண். வேறோர் அறையில் குழந்தைகள் பறவைகள் இழுக்கும் சின்ன ரதங்களில் பந்தயம் விடுகிறார்கள். விருந்து மண்டபத்தில் ஹெர்குலிஸின் சாகசங்கள். அம்பு தைத்த ராட்சதர்கள் வலியில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறார்கள்.

நான் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பொறியியல் படித்தவனுக்கு இது ஒரு வியாதி. ஒரு சில்லு ஒரு சதுர செண்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட 3500 சதுர மீட்டருக்கு மூன்றரைக் கோடி சில்லுகள் வேண்டும். உண்மையில் முகங்களுக்குப் போட்டவை இன்னும் சின்னவை. ஓர் ஆள் நாளைக்கு அரை சதுர மீட்டர் பதிப்பான் என்று தாராளமாக வைப்போம். 7000 ஆள்நாள். இருபது பேர் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம். இது பதிக்கிற வேலை மட்டும். கல்லை வெட்டுவது, வண்ணம் பிரிப்பது, சுண்ணாம்பு சுடுவது, தரையைக் கெட்டிப்படுத்துவது எல்லாம் தனி. விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலில் சொல்வதைப் பார்த்தால், நல்ல தரைக்குக் கீழே முதலில் பெரிய கற்கள், அதற்கு மேல் சுண்ணாம்பு கலந்த உடைகல், அதற்கு மேல் செங்கல் தூள் கலந்த சாந்து என்று மூன்று அடுக்கு போடவேண்டும். இன்றைக்கு நாம் சாலைக்குப் போடுகிற அடுக்கு முறையும் ஏறக்குறைய இதுதான். மேலே இருக்கிற படம் இத்தனை நூற்றாண்டு நின்றதற்கு அடியில் இருந்த அடுக்குகளும் ஒரு காரணம்.

இந்த மொசைக்குகளைச் செய்தவர்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கார்த்தேஜைச் சுற்றியிருந்த பட்டறைகளின் பாணி இங்கே அப்படியே இருக்கிறது. கடலைத் தாண்டினால் துனிசியாதான். அந்தக் காலத்தில் அதே கடல் வழியாகத்தான் ரோமுக்குத் தானியமும் எண்ணெயும் போயின.

சரி, இவ்வளவு செலவு பண்ணியது யார்? இந்தக் கேள்விதான் இந்த இடத்தின் ஆராய்ச்சி வரலாறு முழுவதும் ஓடுகிறது. 1929-இல் பாவொலோ ஓர்சி இங்கே முறையாக அகழ்ந்தார். 1950-களில் ஜீனோ வினிச்சியோ ஜென்டிலி பெரிய அளவில் தோண்டி மாளிகையின் பெரும்பகுதியை வெளியே கொண்டுவந்தார். அவருக்கும் அந்தத் தலைமுறை அறிஞர்கள் சிலருக்கும் இது ஒரு பேரரசனின் வீடாகத்தான் இருக்கமுடியும் என்று தோன்றியது. தியோக்ளீஷியனோடு சேர்ந்து ஆண்ட மாக்ஸிமியன் 305-இல் பதவி விலகினான். ஓய்வுக்காக இங்கே வந்திருப்பான் என்றார்கள். ஹெர்குலிஸ் அவனுடைய காவல் தெய்வம். விருந்து மண்டபத்தில் ஹெர்குலிஸ் இருக்கிறான். கணக்கு அழகாகப் பொருந்தியது.

பிறகு 1970-களில் அந்திரேயா கராந்தினியும் அவருடைய குழுவினரும் தரைக்கு அடியில் சின்னச் சின்னக் குழிகள் போட்டுப் பார்த்தார்கள். தரை போடும்போது அடியில் மாட்டிக்கொண்ட மண்பாண்ட ஓடுகளும் நாணயங்களும்தான் தரையின் பிறந்த தேதியைச் சொல்லும். ஓர் ஓடு 320-க்குப் பிறகுதான் செய்யப்பட்டது என்றால், அதன் மேல் இருக்கிற தரை அதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது. அப்படி வந்த காலம் நான்காம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதி. மாக்ஸிமியன் 310-லேயே செத்துப்போனான். பேரரசன் கதை அதோடு முடிந்தது. இன்றைக்குப் பொதுவாகச் சொல்வது, ரோமில் செல்வாக்கு இருந்த ஒரு செனட்டர், தன் பெரிய சிசிலிய நிலத்தின் நடுவில் கட்டிக்கொண்ட வீடு என்று. சில பெயர்களையும் முன்வைக்கிறார்கள். எதுவும் உறுதியாகவில்லை. பேரரசன் இல்லாமலேயே ஒரு தனிமனிதனிடம் இவ்வளவு பணம் குவிந்திருந்தது என்பது, பேரரசன் வீடு என்பதைவிடப் பெரிய செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் சிசிலி நிலத்துக்கு மவுசு கூடியதற்குக் காரணம் சொல்லமுடியும். 330-இல் கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைத் திறந்துவைத்தான். எகிப்தின் கோதுமை அந்தப் பக்கம் திரும்பியது. பழைய ரோம் ஆப்பிரிக்காவையும் சிசிலியையும் முன்னைவிட அதிகமாக நம்பவேண்டி வந்தது. கோதுமை மேடு வைத்திருந்தவனுக்கு அதிர்ஷ்டம்.

மாளிகையின் குறுக்கே 60 மீட்டருக்கு மேல் நீளும் ஒரு நடைக்கூடம் உண்டு. அதன் தரை முழுக்க ஒரே படம். "பெரிய வேட்டை" என்பார்கள். வேட்டை என்று பெயரிருந்தாலும் யாரும் சாப்பாட்டுக்காக வேட்டையாடவில்லை. ரோமின் அரங்குகளில் சாகடிப்பதற்காக மிருகங்களை உயிரோடு பிடிக்கிறார்கள். சதுப்பில் காண்டாமிருகத்தைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். மாட்டுவண்டியில் மரக்கூண்டு போகிறது. கப்பல் பலகையில் நெருப்புக்கோழியைக் கட்டியணைத்துத் தூக்கிப் போகிறார்கள். குட்டியைத் திருடிக்கொண்டு குதிரையில் ஓடுகிறவன், துரத்தி வரும் தாய்ப்புலியின் முன்னால் ஒரு கண்ணாடி உருண்டையைப் போட்டுவிடுகிறான். அதில் தெரியும் தன் பிம்பத்தைக் குட்டி என்று நினைத்துப் புலி நின்றுவிடுகிறது. இந்தத் தந்திரத்தை அக்கால எழுத்தாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் தட்டைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர், இரு பக்கமும் கேடயம் பிடித்த ஆட்களோடு, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுச் சொந்தக்காரரே அவர்தான் என்று சிலர் நினைக்கிறார்கள்.

நடைக்கூடத்தின் இரண்டு முனைகளிலும் வளைவான பகுதிகளில் இரண்டு உருவங்கள். ஒரு முனையில் ஆப்பிரிக்கா. இன்னொரு முனையில் கறுத்த நிறத்தில் ஒரு பெண், கையில் ஒரு யானைத் தந்தம். ஒரு பக்கம் யானை, இன்னொரு பக்கம் புலி, கூடவே நெருப்பில் நிற்கும் ஃபீனிக்ஸ் பறவை. இவள் யார்? எகிப்து என்றும் அரேபியா என்றும் சொல்கிறவர்கள் உண்டு. இந்தியா என்பவர்களே அதிகம்.

இந்த இடத்தில் நம்மாட்களுக்குக் கை பரபரக்கும். படம் எடுத்து, "ரோமானிய மாளிகையில் நம் பாட்டி" என்று ஒரு வரி எழுதிப்போட்டால் ராத்திரிக்குள் வாட்சப் குழுக்கள் எல்லாம் சுற்றிவந்துவிடும். ரோமானியர்களோடு தென்னிந்தியத் துறைமுகங்கள் வணிகம் செய்தது உண்மை. முசிறியிலிருந்து போன சரக்குக் கப்பலைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டுப் பப்பைரஸ் ஒப்பந்தம் வியன்னாவில் இருக்கிறது. அந்தச் சரக்கில் தந்தமும் உண்டு. இதெல்லாம் சரி. ஆனால் இந்தத் தரையில் இருக்கும் பெண்ணை நிதானமாகப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அவளுக்கு ஊர் இல்லை, ஆட்கள் இல்லை, வேலையும் இல்லை. தந்தம், யானை, புலி. பிறகு உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு பறவை. அவள் ஒரு நாட்டின் உருவம் என்பதைவிட ஒரு சரக்குப் பட்டியல் என்பதே சரி. இரண்டு முனையிலும் சரக்கு கிடைக்கும் இடங்கள், நடுவில் எல்லாம் வந்து சேரும் ரோம். சொந்தக்காரர் இந்தத் தரையின் மேல் நடந்து தன் வரவேற்பு மண்டபத்துக்குப் போனார். உலகம் அவர் செருப்புக்குக் கீழே இருந்தது.

செருப்புக்குக் கீழே என்றதும் குளியலறை ஞாபகம் வருகிறது. என் வேலை கட்டடங்களுக்கு ஏர்கோன் போடுவது. அதனால் மற்றவர்கள் படம் பார்க்கிற நேரத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோமானியர்கள் தரையைத் தூக்கிக் கட்டினார்கள். அடியில் வரிசையாகச் செங்கல் குட்டைத் தூண்கள். விட்ருவியஸ் சொல்கிற உயரம் இரண்டு அடி. அதன் மேல் பெரிய ஓடுகள், அதன் மேல் சாந்தும் மொசைக்கும். வெளியே உலை. சூடான காற்றும் புகையும் தரைக்கு அடியில் பரவி, சுவருக்குள் பதித்த உள்ளீடற்ற ஓட்டுக்குழாய்கள் வழியாக மேலேறி வெளியேறும். தரையும் சூடு, சுவரும் சூடு. அறைக்குள் ஒரு பொட்டுப் புகை வராது. அடித்தளம் உலையை நோக்கிச் சரிந்திருக்கவேண்டும், ஒரு பந்தை உள்ளே போட்டால் அது தானாகவே உலைவாய்க்கு உருண்டு வரவேண்டும் என்று விட்ருவியஸ் ஒரு சோதனையும் சொல்கிறார். இன்றைக்குக் கழிவுநீர்க் குழாயின் சரிவைப் பார்ப்பதுபோல அவ்வளவு எளிமையான சோதனை.

ஏர்கோனுக்கு ஒரு சுவிட்ச் போதும். இதற்கு ஆள் வேண்டும். விறகு வெட்ட ஒருவன், சுமக்க ஒருவன், உலைவாயில் குந்தி உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொள்ள ஒருவன், சாம்பல் அள்ள ஒருவன். விருந்தாளிகள் சூடான தரையில் நிற்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம் வேர்த்துக்கொண்டு இவர்கள். உலைவாய்கள் எல்லாம் கட்டடத்தின் வெளிப்புறத்தைப் பார்த்தே இருக்கின்றன. விருந்தாளி கண்ணில் அவர்கள் படக்கூடாது என்பது வரைபடத்திலேயே இருக்கிறது.

தோட்டத்து ஆட்களின் கதைக்கு சிசிலியில் நீண்ட சரித்திரம் உண்டு. இந்த மாளிகைக்கு வடக்கே இருக்கும் மலை நகரம் என்னா. கி.மு. 135-இல் அங்கேதான் யூனஸ் என்ற சிரியா நாட்டு அடிமையின் தலைமையில் பெரிய கலகம் வெடித்தது. பல்லாயிரம் அடிமைகள் சேர்ந்தார்கள். நகரங்களைப் பிடித்தார்கள். கி.மு. 132-இல்தான் ரோமால் அதை முழுதாக அடக்க முடிந்தது. கொலுமெல்லா தன் நூலில் சங்கிலியிட்ட அடிமைகளை வைக்க நிலவறை கட்டச் சொல்கிறார். ஜன்னல்கள் குறுகலாக, கை எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும் என்றும் எழுதுகிறார். வெளிச்சத்துக்கு வழி விட்டு மனிதனுக்கு வழி விடாத ஜன்னல்.

நம் மாளிகை எழுந்த காலத்தில் நிலத்தில் உழைத்தவர்கள் எல்லாருமே அடிமைகள் இல்லை. கொலோனி எனப்பட்ட குத்தகை விவசாயிகளும் இருந்தார்கள். சட்டப்படி அவர்கள் சுதந்திர மனிதர்கள். 332-இல் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டான். வேறொருவரின் கொலோனஸ் யாரிடமாவது இருந்தால் அவனைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பவேண்டும். ஓடிப்போகத் திட்டமிடுகிறவனை அடிமையைப்போல் சங்கிலியில் பூட்டலாம். அதாவது, நீ சுதந்திரமானவன்தான், ஆனால் இந்த நிலத்தை விட்டுப் போகமுடியாது. மாளிகையின் தரைகளுக்கு ஆய்வாளர்கள் தரும் காலமும் இந்தச் சட்டத்தின் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மூன்றரைக் கோடி சில்லுகளுக்கு எங்கிருந்து காசு வந்தது என்று தேடினால் இந்தச் சட்டத்தையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

மாளிகையைக் காப்பாற்றிய கதையிலும் பொறியியல் பாடம் ஒன்று இருக்கிறது. 1950-களின் கடைசியில் பிராங்கோ மினிசி என்ற கட்டடக்கலைஞர் இரும்புச் சட்டமும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கும் வைத்து மாளிகைக்கு மேல் ஒரு கூடு கட்டினார். பழைய கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று கூரையின் வடிவம் சொல்லவேண்டும், ஆனால் போலியாக இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த ஒளி ஊடுருவும் கூரை போட்ட எவருக்கும் அடுத்து நடந்தது என்னவென்று தெரியும். வெயில் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. கோடையில் உள்ளே அடுப்பு மாதிரி ஆனது. சூடும் ஈரமும் மாறி மாறித் தாக்கி மொசைக்குகள் கெட ஆரம்பித்தன. பிற்பாடு அதைக் கழற்றிவிட்டு வெயிலை மறைக்கும் கூரை போட்டார்கள். புதுப்பித்த தளம் 2012-இல் திறக்கப்பட்டது. இன்று உள்ளே கொஞ்சம் இருட்டாக இருக்கிறது என்று பயணிகள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இருக்கட்டும். தரைக்கு அதுதான் நல்லது.

அதற்கு முன்னால் எல்லாவற்றையும் காப்பாற்றியது மண்தான். ரோம் விழுந்த பிறகும் இந்த இடம் காலியாகவில்லை. மாளிகையின் மேலேயும் சுற்றியும் இடைக்காலத்தில் ஓர் ஊர் இருந்திருக்கிறது. வீடுகளும் சூளைகளும் அண்மை அகழ்வுகளில் கிடைத்தன. செனட்டரின் மண்டபச் சுவரில் சாய்ந்து யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த ஊரும் அழிந்தது. மலைச்சரிவு மண் வந்து மூடியது. பழைய தரைகளுக்கு மேல் மீட்டர் கணக்கில் மண். மேலே விவசாயம் நடந்தது.

குளியலறைப் பகுதியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் அறை. கூட்டம் பிகினிப் பெண்களைத் தேடிப் போகும் அவசரத்தில் இங்கே நிற்பதில்லை. தரையில் ஒருவனுக்கு வேலைக்காரன் உடம்பு பிடித்துவிடுகிறான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பேர், வாளியும் துடைப்பமுமாக. அவர்களுடைய இடுப்புத் துணியில் எழுத்துகள் பதித்திருக்கின்றன. டிட்டே, காஸ்ஸி. டைட்டஸ், காஸியஸ் என்ற பெயர்களை லத்தீனில் கூப்பிட்டால் அப்படித்தான் வரும். அவை அந்த வேலைக்காரர்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்களில் பலர் படிக்கிறார்கள்.

சொந்தக்காரரின் பெயரை எழுபது வருடமாகத் தேடுகிறார்கள். நாணயத்திலும் ஓட்டிலும் ஹெர்குலிஸின் கதையிலும் தேடுகிறார்கள். தளத்தின் விளக்கப் பலகைகளும் அவரைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. துடைப்பம் பிடித்தவனுடைய பெயர் கல்லில் இருக்கிறது. "டிட்டே!" என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அவன் வாளியோடு வந்திருக்கிறான். அங்கே போகிறவர்கள் அந்த அறையில் ஒரு நிமிடம் நிற்கலாம். நடைபாலத்தின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தால் எழுத்துகள் தெரியும்.